கழுதைக்காக வழக்காடியவர்

வாயில்லா ஜீவன்களுக்காக நீதிமன்றப் படியேறிய ஒரு வழக்கறிஞரின் வரலாற்றை இம்மலரில் நம் வாசகர்முன் வைக்கிறோம். அவர் பெயர் ரிச்சர்டு மார்ட்டின்.

1754ஆம் ஆண்டு அயர்லாந்தின் கால்வே பகுதியில் பழைய கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அந்நாளில் அங்கே கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர முடியாது, வழக்கறிஞராகவும் முடியாது. தம் மகனாவது உள்ளே நுழைந்து தம் மக்களுக்காகப் பேசட்டும் என்று எண்ணிய தந்தை, அவரைப் புராட்டஸ்டண்டு சபையில் வளர்த்தார். அந்த முடிவு தந்தையின் மனத்தை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1781இல் வழக்கறிஞரான மார்ட்டின் கால்வேயில் தொழில் நடத்தினார். இளமையில் அவர் சாந்தசீலர் அல்லர். நண்பர் வீட்டு வேட்டைநாயைச் சுட்டுக்கொன்ற ஒருவர்மீது கொண்ட பகை, பின்னர் கைத்துப்பாக்கிச் சண்டையில் போய் முடிந்தது! கோபத்தைச் சட்டமாக மாற்றக் கற்றுக்கொள்ள அவருக்கு நெடுங்காலம் பிடித்தது.

1821இல் குதிரைகளை வதைப்பதைத் தடுக்க அவர் மசோதா கொண்டுவந்தபோது லண்டன் நாடாளுமன்றம் நகைத்தது. கழுதையையும் சேர்த்தால் அடுத்து நாயும் பூனையும் வருமே என்று உறுப்பினர்கள் கேலி பேசினர். அவர் சளைக்கவில்லை. மறு ஆண்டு, தமது 68ஆம் வயதில், மாடு, குதிரை, கழுதை, ஆடு ஆகியவற்றைக் கொடுமையாக அடிப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை நிறைவேற்றினார். அபராதம் 10 ஷில்லிங் முதல் 5 பவுன் வரை. கட்டாவிடில் மூன்று மாதம் வரை சிறை.

சட்டம் ஏட்டில் ஏறிவிட்டால் போதுமா? வழக்குத் தொடுக்க யாராவது வேண்டுமே! ஆகவே மார்ட்டின் தாமே லண்டன் தெருக்களிலும் ஸ்மித்ஃபீல்டு கால்நடைச் சந்தையிலும் சுற்றி, குற்றவாளிகளை நீதிபதிமுன் நிறுத்தினார். காய்கறி வண்டிக்காரர் ஒருவரின் வழக்கில் அடிபட்ட கழுதையையே நீதிமன்றத்திற்குள் கொண்டுவந்து அதன் காயங்களைக் காட்டினார். பத்திரிகைகள் கேலிச்சித்திரம் வரைந்தன. அபராதம் கட்ட வழியற்ற ஏழைக்கு அவரே பணம் கொடுத்ததும் உண்டு. அடித்தவனும் பசித்தவன் என்பதை அவர் மறக்கவில்லை என்பதே நம்மை மிகவும் தொட்ட செய்தி.

1824 ஜூன் 16 அன்று லண்டன் காப்பிக் கடையொன்றில் ஆர்தர் புரூம் என்ற குருவானவர் கூட்டிய கூட்டத்தில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் பிறந்தது. அடிமை வாணிபத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்சுடன் மார்ட்டினும் அங்கே இருந்தார்.

1826 தேர்தலில் முறைகேடு நடந்ததென்று புகார் எழுந்து, மறு ஆண்டு அவர் பதவி இழந்தார். உறுப்பினராக இருந்தவரை கடனுக்காகக் கைது செய்ய முடியாதிருந்தது. இப்போது அந்தக் காப்பும் போயிற்று. பிரான்சின் பூலோன் நகருக்குத் தப்பிச் சென்றார். 1829இல் கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றக் கதவு திறந்தபோது, அதற்காகப் பல்லாண்டு பாடுபட்ட அவர் அயல்நாட்டில் கடனாளியாக இருந்தார். 1834 ஜனவரி 6 அன்று அங்கேயே காலமானார்.

அவர் பலமுறை கேட்டும் கிடைக்காத பாதுகாப்பு, 1835இல் காளைக்கும் நாய்க்கும் கிடைத்தது.