சோற்றையும் பருப்பையும் பிரித்து வைத்த டாக்டர்

மாமிசம், முட்டை போன்ற புரதச்சத்து உணவையும், ரொட்டி, அரிசி, உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்து உணவையும் ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்று ஒரு கட்சி உண்டு. அதை உலகமெங்கும் பரப்பியவர், அமெரிக்க டாக்டர் வில்லியம் ஹோவர்டு ஹே.

இவர் 1866-ம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் ஹார்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். 1891-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பதினாறு ஆண்டுகள் மருந்து, அறுவை சிகிச்சை என்று மற்ற டாக்டர்களைப் போலவே தொழில் நடத்தினார். உடம்பு பெருத்து, எடை 225 பவுண்டு, அதாவது 100 கிலோவுக்கு மேல் போய்விட்டது.

நாற்பது வயதுவாக்கில் சிறுநீரக நோய், ரத்தக்கொதிப்பு, இதய வீக்கம் மூன்றும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. அந்தக் காலத்தில் இவற்றுக்குச் சரியான மருந்து கிடையாது. பிறருக்கு எழுதிக் கொடுத்த மருந்து தம்மைக் காப்பாற்றாது என்பது டாக்டருக்குத் தெரியாதா? அவர் உணவை மாற்றிப் பார்த்தார். இயற்கையாக விளைந்ததை, தேவையான அளவுக்கு மட்டும் சாப்பிட்டார். சுமார் மூன்று மாதங்களில் 50 பவுண்டு எடை குறைந்தது. நோயின் அறிகுறிகளும் விலகின.

பிழைத்தது உண்மை. அதற்குக் காரணம் சொன்னபோதுதான் டாக்டர் ஹே வழுக்கிவிட்டார்.

நோய்களுக்கெல்லாம் மூலம் உடம்பில் சேரும் அமிலமே என்றார். அளவுக்கு மீறிய மாமிசம், தீட்டிய மாவும் சர்க்கரையும், மலச்சிக்கல் ஆகியவற்றோடு தவறான சேர்க்கையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். புரதம் செரிக்க வயிற்றில் அமிலம் வேண்டும். மாவுச்சத்து செரிக்கக் காரம் வேண்டும். இரண்டையும் கலந்தால் ஒன்றும் சரியாகச் செரிக்காது என்பது அவர் வாதம். இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செரிமானத்தின் பெரும்பகுதி நடப்பது சிறுகுடலில். அங்கே கணையநீர் அமிலத்தைத் தணித்து, புரதம், மாவு, கொழுப்பு மூன்றையும் ஒரே சமயத்தில் செரிக்க வைக்கிறது. தாய்ப்பாலிலேயே புரதமும் சர்க்கரையும் கலந்துதான் இருக்கின்றன. துவரம்பருப்பில் ஐந்தில் ஒரு பங்கு புரதம், பாதிக்கு மேல் மாவுப்பொருள். அதை எப்படிப் பிரிப்பது? அரிசியில் குறைவான லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது.

மருத்துவ உலகம் கண்டித்தது. மக்கள் விடவில்லை. 1929-ல் வெளிவந்த அவரது உணவு நூல் அவருக்குப் பெரும் புகழ் சேர்த்தது. நியூயார்க் மாநிலத்தில் ஈஸ்ட் அரோராவிலும், பின்னர் போக்கோனோ மலைப் பகுதியிலும் சுகவாச நிலையங்கள் நடத்தினார். மைதாவையும் வெள்ளைச் சர்க்கரையையும் ஒதுக்கி, காய்கனிகளை நிறையத் தின்னச் சொன்ன வரையில் அவரிடம் வந்தவர்களுக்கு நன்மையே கிடைத்திருக்கும்.

1940-ல் டாக்டர் ஹே காலமானார். அவர் முறையை இங்கிலாந்தில் டோரிஸ் கிராண்ட் என்ற அம்மையார் தொடர்ந்து பரப்பினார். 1984-ல் இன்னொருவருடன் சேர்ந்து அவர் எழுதிய புத்தகத்தால் அது மறுபடியும் பேசப்பட்டது.

கடைசியில், 2000-ம் ஆண்டில் ஜெனிவா டாக்டர்கள் ஆராய்ந்த முடிவு வெளியாயிற்று. பருமனான 54 பேரை இரு பிரிவாக்கி, ஆறு வாரம் ஒரே அளவு கலோரியில், குறைந்த உணவு கொடுத்தார்கள். பிரித்துச் சாப்பிட்டவர்கள் சராசரி 6.2 கிலோ இளைத்தார்கள். சேர்த்துச் சாப்பிட்டவர்கள் இளைத்தது 7.5 கிலோ. இந்த வித்தியாசம் கணக்கில் கொள்ளத்தக்கதல்ல என்று எழுதிவிட்டார்கள்.