முதுகுக்குக் கணக்குப் போட்ட பொரெல்லி

நெம்புகோல் தத்துவத்தை மனித உடம்புக்கே போட்டுப் பார்த்தவர் பொரெல்லி. 1608-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில், ஒரு போர்வீரரின் மகனாகப் பிறந்து கணிதப் பேராசிரியர் ஆனார்.

சுமை முதுகெலும்பிலிருந்து தள்ளி நிற்கிறது; தசையோ ஒட்டியே இழுக்கிறது. அதனால் குனிந்து மூட்டை சுமப்பவரின் முதுகுத் தசை, சுமையைவிடப் பல மடங்கு விசையோடு இழுக்க வேண்டும் என்று கணக்கிட்டார். எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டுகள் ஸ்பிரிங் மாதிரி பாரம் தாங்குவதையும் சொன்னார்.

1679-ல் ரோமில் வறுமையில் இறந்தார். அவர் நூல் 1680-லதான் அச்சில் வந்தது.

எங்கப்பா மூட்டை தூக்குறவர். அவர் இடுப்புவலி சோம்பேறித்தனம் இல்லை, மெக்கானிக்ஸ் என்று பொரெல்லியால் புரிந்துகொண்டேன். தோழர்களே, அந்தச் சுமையைக் குறைக்கும் கருவியை நாம்தான் செய்யணும்!