யார் இந்த தாமஸ் சிப்பெண்டேல்? பிரபுக்களின் மாளிகையை அலங்கரித்தவர் பணத்துக்குத் தவித்தது ஏன்?

வீட்டுக்கு இன்டீரியர் வேலை கொடுத்தவர்களைக் கேட்டால், சொன்ன தேதிக்கு வேலை முடியல என்பார்கள். வேலை செய்பவர்களைக் கேட்டால், முடித்த வேலைக்கே காசு வரல என்பார்கள். இந்த இழுபறி 250 ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் நடந்திருக்கு. அதில் சிக்கியவர், உலகமே பெயர் சொல்லும் மரச்சாமான் கலைஞர் தாமஸ் சிப்பெண்டேல்.

தச்சர் வீட்டுப் பிள்ளை

1718-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள ஓட்லி என்ற சின்ன ஊரில் பிறந்தவர் சிப்பெண்டேல். அப்பா தச்சர். லண்டனுக்கு வந்தவர், ஜேம்ஸ் ரானி என்ற பார்ட்னருடன் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் பட்டறை போட்டார்.

1754-ல் அவர் வெளியிட்ட ‘டைரக்டர்’ என்ற டிசைன் புத்தகம்தான் திருப்புமுனை. நாற்காலி, கட்டில், அலமாரி என 160 படங்கள். பல படங்களுக்கு அளவும் குறிப்பும் உண்டு. இந்த வேலைப்பாடு வேண்டாமா, விட்டுவிடலாம், செலவு குறையும் என்கிற மாதிரி வழியும் காட்டியிருந்தார். வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே பார்த்துத் தேர்வு செய்யலாம்.

அடுத்த ஆண்டே பட்டறையில் தீ விபத்து. 22 தொழிலாளர்களின் கருவிப் பெட்டிகள் எரிந்துபோயின. ஆனாலும் தொழில் நிற்கவில்லை.

வீடு முழுக்க ஒரே கையில்

சிப்பெண்டேல் வெறும் நாற்காலி செய்தவர் அல்ல. திரைச்சீலை, மெத்தை, தரைவிரிப்பு, வால்பேப்பர் என எல்லாமே அவர் பொறுப்பு. இன்று டர்ன்கீ என்கிறோமே, அதேதான். யார்க்‌ஷயரில் உள்ள நாஸ்டல் பிரையரி மாளிகைக்குக் கையால் வரைந்த சீன வால்பேப்பரைக் கொடுத்ததும் அவர்தான், சமையலறைக்குக் கறி வெட்டும் கட்டையைக் கொடுத்ததும் அவர்தான். சாமானை அனுப்பிவிட்டு ஒதுங்காமல், மாளிகையிலேயே தங்கி வேலை முடிக்க ஆட்களையும் அனுப்பினார்.

சிக்கல் எங்கே வந்தது?

நாஸ்டலின் உரிமையாளர் சர் ரோலண்ட் வின். சாமான் நேரத்துக்கு வரல என்று அவர் கோபப்பட்டார். பணம் அனுப்புங்கள் என்று சிப்பெண்டேல் கெஞ்சினார். இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

தவறு ஒரு பக்கம் மட்டும் இல்லை. ஒரே நேரத்தில் பல மாளிகைகளை ஒப்புக்கொண்டதால் தேதி தவறியது சிப்பெண்டேல் பக்கம். பொருளை வாங்கிக்கொண்டு பில்லை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது பிரபுக்கள் பக்கம். அன்றைய லண்டனில் பெரிய மனிதர்கள் கடனுக்கு வாங்குவதுதான் வழக்கம். ஆனால் மரம், துணி, பொன்முலாம், ஆட்கள் சம்பளம் எல்லாத்துக்கும் பணம் முன்கூட்டியே வேண்டும்.

1766-ல் ரானி இறந்ததும் நெருக்கடி முற்றியது. அவர் பங்கைத் தீர்க்க வேண்டிய நிலையில், பட்டறையில் இருந்த சரக்கே ஏலத்துக்குப் போனது.

பெருமை சேர்த்த ஹேர்வுட்

அதே யார்க்‌ஷயரில் உள்ள ஹேர்வுட் ஹவுஸ்தான் அவருடைய மிகப்பெரிய ஆர்டர். மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையிலும் அடிமை வணிகத்திலும் சேர்ந்த செல்வம் கொண்ட லாசெல்ஸ் குடும்பத்தின் வீடு அது. மொத்த வேலை மதிப்பு 10,000 பவுண்டுக்கும் மேல். அங்கே ஜன்னல்களுக்கு மேல் துணி மடிந்து தொங்குவது போலத் தெரியும். தொட்டுப் பார்த்தால் அத்தனையும் மரம்!

இவ்வளவு பெரிய வேலை செய்தும் பணத் தட்டுப்பாடு தீரவில்லை. 1779-ல் காசநோயால் சிப்பெண்டேல் இறந்தார். பட்டறையை ஏற்று நடத்திய மகன் 1804-ல் திவாலானார்.

இன்று என்ன பாடம்?

ஹேர்வுட், நாஸ்டல் இரண்டையும் இப்போதும் மக்கள் போய்ப் பார்க்கலாம். வேலையின் தரத்தில் இன்றுவரை குறை சொல்ல ஆளில்லை. ஆனால் எந்த வேலை எந்தத் தேதிக்குள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பது தெளிவாக இல்லாததால், வாடிக்கையாளருக்கும் நிம்மதி இல்லை, கலைஞருக்கும் நிம்மதி இல்லை. வேலையைத் தொடங்கும் முன் இந்த இரண்டையும் எழுத்தில் பேசி முடிப்பது இரு தரப்புக்குமே நல்லது.