கம்பியை எடுத்த மனுஷன்

ஊரிலிருந்து ஆராவது வந்தால் எங்கட வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கு. முதல் நயாகரா. அடுத்தது சீஎன் கோபுரம். கூட வந்தவையில் சின்னப் பிள்ளையள் இருந்தால் மூன்றாவது, ஸ்காபரோ மெடோவேல் வீதியில் இருக்கும் ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை. போய் வந்தவர்கள் அநேகமாக ஒரே கதையைத்தான் சொல்லுவினம். நடந்து நடந்து கால் நொந்துபோச்சு, ஆனால் ஊரில் பார்த்த மாதிரி இரும்புக்கூடு வரிசையைக் காணேல்லை என்று.

அது தற்செயலாக அமைந்த ஒன்றல்ல. 1974 ஆகஸ்ட் 15ஆம் திகதி இந்த இடம் திறக்கப்படும் வரைக்கும் நகரத்து மிருகங்கள் கபேஜ்டவுனில், றிவர்டேல் என்ற பழைய மிருகக்காட்சிச்சாலையில்தான் இருந்தன. 1888இல் தொடங்கியது அது. கூண்டும் கம்பியுமாக இருந்த இடம். புதியதற்கு றூஜ் பள்ளத்தாக்கில் 287 ஹெக்டேர் ஒதுக்கினார்கள். சிங்கம் புலியெல்லாம் ஒரு பக்கம், குரங்குகள் எல்லாம் ஒரு பக்கம் என்று இனவாரியாக அடுக்காமல், ஆபிரிக்கா, இந்தோ–மலாயா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, கனடா என்று பூமியின் பகுதிவாரியாகப் பிரித்தார்கள். ஒரு நிலத்து மிருகமும் பறவையும் செடியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது யோசனை. திட்டமிடலில் பங்குகொண்ட கட்டடக் கலைஞர்களில் ஒருவர் றேமண்ட் மொறியாமா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காகக் கனடிய அரசு அவரைச் சிறு பையனாக முகாமில் அடைத்து வைத்திருந்தது. வேலிக்குள் இருப்பது என்னவென்று அறிந்த ஒருவர் வேலி தெரியாத இடம் ஒன்றைத் திட்டமிட உதவியிருக்கிறார்.

ஆனால் கம்பியை எடுக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர் ஒரு ஜேர்மன்காரர். பெயர் கார்ல் ஹாகன்பெக். அவருடைய கதையை எங்கட பிள்ளையளுக்குப் பாதி சொன்னால் அது பிழை. முழுதாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் அந்தக் கதையில் கனடாவும் இருக்கு, இலங்கையும் இருக்கு.

கார்ல் 1844இல் ஹம்பர்க் துறைமுக நகரத்தில் பிறந்தார். தகப்பன் மீன் வியாபாரி. 1848இல் மீனவர்களின் வலையில் ஆறு கடல்நாய்கள் சிக்கின. தகப்பன் அவற்றை மரத் தொட்டிகளில் விட்டு, காசு வாங்கிக்கொண்டு சனத்துக்குக் காட்டினார். மீனை விற்பதைவிடக் காட்டுவதில் காசு அதிகம் என்று அந்தக் குடும்பம் கண்டுகொண்டது அன்றைக்குத்தான். கார்லுக்கு அப்போது நாலு வயதும் நிரம்பவில்லை. 1866இல், 22 வயதில், மிருக வியாபாரம் முழுவதும் அவர் கைக்கு வந்தது.

அடுத்த சில வருடங்களில் உலகத்தின் மிகப் பெரிய மிருக வியாபாரிகளில் ஒருவரானார். ஆபிரிக்காவிலிருந்து யானை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம் எல்லாம் சூயஸ் வழியாக ஐரோப்பாவுக்கு வந்து இறங்கின. அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் அவருடைய வாடிக்கையாளர். குட்டிகளைப் பிடிக்கத் தாயைக் கொல்வது அந்தத் தொழிலில் வழமை. பிடித்ததில் எத்தனையோ வழியிலேயே செத்தன. ஹாகன்பெக் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தவை, தப்பிப் பிழைத்தவை மட்டும்தான்.

ஆனாலும் மிருகத்தை உற்றுப் பார்க்கத் தெரிந்த ஆள் அவர். சவுக்காலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பாலும் பழக்குவதுதான் சர்க்கஸ் முறை என்றிருந்த காலத்தில், சாப்பாடு கொடுத்துப் பொறுமையாகப் பழக்கலாம் என்று காட்டினார். வெப்பநாட்டு மிருகத்தைச் சூடேற்றிய அறைக்குள் பூட்டி வைத்தால்தான் பிழைக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. ஒதுங்க ஒரு கொட்டிலும் படுக்க வைக்கோலும் இருந்தால், பல மிருகங்கள் குளிரிலும் தாமாக வெளியே வந்து உலாவும் என்பதை அவர் கவனித்தார்.

பிறகு வந்தது பெரிய யோசனை. சிங்கம் எவ்வளவு தூரம் பாயும், எவ்வளவு உயரம் எழும்பும் என்று அளந்து பார்த்தார். அந்த அளவை மிஞ்சிய அகலத்தில் ஒரு அகழி வெட்டினால் கம்பி எதற்கு? 1896இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1907 மே மாதம் ஹம்பர்க்குக்குப் பக்கத்தில் ஸ்டெலிங்கன் என்ற இடத்தில் தன்னுடைய பூங்காவைத் திறந்தார். முன்னால் ஒரு குளமும் பறவைகளும். அதற்குப் பின்னால் புல் மேயும் மிருகங்கள். அதற்கும் பின்னால் சிங்கங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சுவிஸ் சிற்பி ஒருவர் சீமெந்தில் கட்டிய செயற்கை மலையில் மலையாடுகள். இடையில் இருந்த அகழிகள் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மானும் சிங்கமும் ஒரே வெளியில் நிற்பதுபோலத் தோன்றும். மற்ற மிருகக்காட்சிச்சாலைக்காரர்கள் இது வெறும் வேடிக்கை என்று எதிர்த்தார்கள். சனம் குவிந்தது. 1911இல் றோம் நகரம் அவரைக்கொண்டு அதே மாதிரி ஒன்றை அமைத்தது. 1913இல் ஹாகன்பெக் இறந்தார். அவர் வழியில் 1928இல் டிட்ரொயிட்டில் ஒன்று திறந்தது. வின்சர் எல்லையைத் தாண்டினால் அதை இன்றைக்கும் பார்க்கலாம்.

மிருகக்காட்சிச்சாலை வரலாற்றுப் புத்தகங்கள் பலவும் இந்த இடத்தில் அவரை வாழ்த்திவிட்டு முடிக்கும். என்னால் முடிக்க முடியாது.

1870களின் நடுவில் மிருக வியாபாரம் கொஞ்சம் படுத்தது. அப்போது வட ஐரோப்பாவிலிருந்து கலைமான்களை இறக்கும்போது, அவற்றை மேய்க்கும் சாமி இனக் குடும்பம் ஒன்றையும் சேர்த்து இறக்கினார் ஹாகன்பெக். கூடாரம் போட்டு, சமைத்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து அவர்கள் இருந்ததைப் பார்க்கச் சனம் காசு கொடுத்தது. அதற்குப் பிறகு நூபியர், கிறீன்லாந்தின் இனுயிட் மக்கள் என்று வரிசையாகக் கொண்டுவந்தார்.

1880இல் அவருடைய முகவர் யாக்கப்சன் இன்றைக்குக் கனடாவாக இருக்கும் லாப்ரடோர் கரைக்குப் போனார். அங்கே ஆபிரகாம் என்ற இனுயிட் மனிதர். கிறிஸ்தவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், வயலின் வாசிப்பவர். மிஷன் கடையில் அவருக்குக் கடன் இருந்தது. ஐரோப்பாவுக்குப் போனால் கடனை அடைக்கலாம், நாட்டையும் பார்க்கலாம் என்று மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளுடன் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். மொத்தம் எட்டுப் பேர் கப்பலேறினார்கள். மிஷனரிமார் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. கடன் அடைக்க வெளிநாடு போன ஒருவரின் மனம் எங்களுக்கு விளங்காததல்ல. எங்கட தெருவில் எத்தனை வீட்டில் அந்தக் கதை இருக்கு!

ஹம்பர்க், பேர்லின், பிராக் என்று ஊர் ஊராகக் காட்டினார்கள். பேர்லின் மிருகக்காட்சிச்சாலையில் அவர்களுடைய குடிலுக்குள்ளேயே சனம் முண்டியடித்தது. அம்மைத் தடுப்பூசி உரிய நேரத்தில் போடப்படவில்லை. டிசம்பரில் முதல் மரணம். 1881 ஜனவரி நடுப்பகுதிக்குள் எட்டுப் பேரும் பெரியம்மையில் இறந்துபோனார்கள். மூன்று பேர் ஜேர்மனியில், ஐந்து பேர் பாரிஸில். ஆபிரகாம் தன் மொழியில் எழுதி வந்த நாட்குறிப்பின் ஜேர்மன் மொழிபெயர்ப்பு மிஞ்சியது. அதனால்தான் பார்க்கப்பட்டவர் பக்கத்துக் கதையும் எங்களுக்குக் கிடைத்தது. பாரிஸில் இறந்தவர்களின் எலும்புக்கூடுகள் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் வெளியே தெரிய வந்தது.

ஹாகன்பெக் வருந்தினார், இந்த வேலையை விடுவதாகவும் நினைத்தார் என்கிறார்கள். ஆனால் அதே 1881இல் தென்னமெரிக்காவின் தெற்கு முனையிலிருந்து அடுத்த கூட்டம் வந்து இறங்கியது. சில வருடங்களில் எங்கட தீவின் முறை. 1884இல் இலங்கையிலிருந்து 60க்கும் மேற்பட்ட ஆட்களையும் 25 யானைகளையும் கொண்டுபோய்ப் பெரிய ஊர்வலமாக நகரங்களில் காட்டினார். பிறகு தென்னிந்தியாவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். மேளம் அடிப்பவர், பாம்பாட்டி, யானைப்பாகன், பிள்ளையுடன் ஒரு தாய். கூலி உண்டு, ஒப்பந்தம் உண்டு. பார்ப்பவர்களிலிருந்து பிரித்த வேலியும் உண்டு. 1907இல் திறந்த அந்தப் புதுப் பூங்காவிலும் மனிதர்களைக் காட்ட இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

கொழும்பில் படித்த எங்கட தலைமுறை பள்ளிக்கூடச் சுற்றுலா போன தெகிவளை மிருகக்காட்சிச்சாலையும் இந்தக் குடும்பத்தின் வேலைதான். கார்லின் தகப்பனுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்த ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் குடியேறி மிருக ஏற்றுமதி செய்தவர். 1920களில் அவர் தொடங்கியதுதான் அது. நிறுவனம் நொடித்தபின் 1936இல் அரசு எடுத்துக்கொண்டது. பின்னேரம் நடந்த யானை ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டிய எங்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

அப்போ இந்த மனுஷனை எப்படி எடுத்துக்கொள்வது? நல்லவர் பாதி, கெட்டவர் பாதி என்று தராசில் போட்டு நிறுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டும் ஒரே யோசனையிலிருந்து வந்தவை என்றுதான் எனக்குப் படுகிறது. சிங்கத்துக்கு முன்னால் இருந்த கம்பியை அவர் எடுத்தது சிங்கத்துக்காக மட்டுமல்ல, டிக்கெட் வாங்கியவரின் கண்ணுக்காகவும்தான். அடைத்து வைத்திருப்பது தெரியாவிட்டால் பார்ப்பவருக்கு மனம் உறுத்தாது. ஆபிரகாமின் குடிலும் அப்படித்தான். இயல்பாக வாழ்வதுபோல ஒரு தோற்றம் கிடைத்தது. உள்ளே இருந்தவருக்கு விட்டுப்போக வழி இருக்கவில்லை.

பூமியின் பகுதிவாரியாகப் பிரித்த எங்கட ரொறன்ரோவிலும் இந்தக் கேள்வி வந்தது. ஆபிரிக்கப் பகுதியில் யானைகள் இருந்தன. பெயர்ப்பலகையில் ஆபிரிக்கா, நிலத்தில் கனடியப் பனி. சில வருட இடைவெளியில் பல யானைகள் இறந்தன. மிஞ்சிய மூன்றையும் கலிபோர்னியாவில் உள்ள சரணாலயத்துக்கு அனுப்புவதென்று 2011இல் நகரசபை தீர்மானித்தது. மிருகக்காட்சிச்சாலைப் பணியாளர்கள் பலருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் இழுபறி. 2013 ஒக்டோபரில் டோக்கா, திக்கா, இறிங்கா மூன்றும் லொறியில் ஏறிப் போயின. யானை இல்லாத மிருகக்காட்சிச்சாலையா என்று எங்கட ஆக்கள் பலர் கவலைப்பட்டார்கள். நானும்தான். இப்போது யோசித்தால், அன்றைக்குத்தான் இந்த நகரம் பார்ப்பவரின் ஆசையை விட்டுவிட்டு மிருகத்தின் தேவையை முன்னுக்கு வைத்தது.

இனி யாரையும் அங்கே கூட்டிப்போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அழிந்துபோகிற இனங்களைப் பெருக்கிக் காட்டில் விடும் வேலையும் அங்கே நடக்கிறது. கனடாவின் கறுப்புக்கால் மரநாய் அப்படி வளர்த்து விடப்பட்ட ஒன்று. கூட்டிப்போங்கள். மிருகம் ஒளிந்துகொண்டிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று பிள்ளை சிணுங்கினால் மட்டும் சினக்காதீர்கள். அது நல்ல இடத்தின் அடையாளம் என்று சொல்லிக் குடுங்கள். எங்கள் கண்ணிலிருந்து விலகிப்போக அந்த மிருகத்துக்கு ஒரு மூலை இருக்கு. ஆபிரகாமுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் அது கிடைக்கவில்லை. இலங்கையிலிருந்து யானையோடு போன அந்தத் தாய்க்கும் கிடைத்திருக்காது.