கல்லைப் படித்த பெருமகனார்

செய்யூரில் வாழும் நமக்குப் பல்லாவரம் அயலூர் அன்று. நம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊரே. அவ்வூருக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆவார்.

இவர் 1834இல் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தார்.

1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பிறர் கண்ணுக்கு அது வெறுங்கல். அவருக்கோ ஆதிமனிதன் செதுக்கிய கோடரி! இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவிகளுள் அது தலையாயது. அவ்வாண்டு செப்டம்பரில், நண்பர் வில்லியம் கிங்குடன், கொற்றலை ஆற்றை அடுத்த அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். பின்னாளில் அங்கே அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினருக்கு விலங்குப் பற்களின் புதைபடிவங்களும் கிடைத்தன. அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என 2011இல் அவர்கள் அறிவித்தனர்.

ஃபூட் தம் சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகத்திற்கு விற்றார். அவை கிடைத்த இடங்களையும் பட்டியலிட்டுக் குறித்தார். ஏனெனில், இடம் தெரியாத கல் ஊமைச் சாட்சி. 1912இல் மறைந்த அன்னாரின் கல்லறை ஏற்காட்டில் திரித்துவ ஆலயத்தில் உள்ளது.

சரளையோடு அள்ளிச் சாலையில் கொட்டிவிட்டால், 15 இலட்சம் ஆண்டு காத்திருந்த கோடரியும் நொடியில் அழியும். தோழியரே, விந்தையான கல்லைக் கண்டால் எடுத்துவராமல், இடத்தைக் குறித்து ஆசிரியைக்குச் சொல்வோம். நம் முன்னோரின் கைவண்ணத்தைக் காப்போமாக!