நக்ஷத்திரத்தின் தூரத்தை அளந்த கணக்குப்பிள்ளை

1806-ஆம் வருஷம் ஜேனா யுத்தத்தில் பிரஷ்யா தேசம் நெப்போலியனிடம் முறியடிக்கப்பட்டது. அடுத்த வருஷம் ஏற்பட்ட டில்ஸிட் உடன்படிக்கையால் அதன் நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதி பறிபோயிற்று. யுத்த தண்டம் கஜானாவை வறளச் செய்தது. தலைநகரில் அந்நியப் படை புகுந்ததால் அரசர் கிழக்குக் கோடியிலுள்ள கோனிக்ஸ்பர்க் பக்கம் ஒதுங்கி வாழ நேர்ந்தது. இந்தச் சிறுமையின் நடுவேதான் அந்நகரத்தில் வான ஆராய்ச்சிக் கூடம் ஒன்றைக் கட்டுவதென்று பிரஷ்ய சர்க்கார் முடிவு செய்தது. சோற்றுக்கு வழியில்லாத வேளையில் நக்ஷத்திரம் எண்ணுவதா என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்கு மறுமொழியாக நிற்பது, 1810-இல் அக்கூடத்தின் தலைவராக நியமனம் பெற்ற பிரெடெரிக் வில்ஹெல்ம் பெஸலின் வாழ்க்கை. அப்பொழுது அவருக்கு வயது 25. சர்வகலாசாலையில் ஒரு நாளும் மாணவராக இருந்தவரல்லர்.

பெஸல் 1784-ஆம் வருஷம் ஜூலை 22-ஆம் தேதி மிண்டன் நகரத்தில் பிறந்தார். தந்தை சர்க்கார் உத்தியோகஸ்தர். குழந்தைகளோ ஒன்பது பேர். பையனுக்கு லத்தீன் வேப்பங்காய், கணக்கு கரும்பு. 1799-இல் பள்ளியை விட்டு, பிரெமன் துறைமுகத்தில் ஓர் ஏற்றுமதி இறக்குமதிக் கம்பெனியில் ஏழு வருஷம் தொழில் பழகச் சேர்ந்தார். அந்நாளைய ஜெர்மனி ஒரு தேசமன்று, சமஸ்தானங்களின் கூட்டம். ஓர் ஊரின் அடி அடுத்த ஊரின் அடிக்குச் சமமாகாது, நாணயமும் அப்படியே. கணக்கெழுதுபவன் ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றியபடியே பொழுதைக் கழிக்க வேண்டும். பெஸல் பிற்காலத்தில் செய்த வேலையும் சாராம்சத்தில் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

சரக்குக் கப்பலுடன் தூர தேசம் போகவேண்டுமென்பது அவருடைய ஆசை. நடுக்கடலில் கப்பல் நிற்கும் இடத்தை அறிய நக்ஷத்திரங்களைத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அதற்காக இரவில் விழித்துப் படிக்கத் தொடங்கியவர் அந்தச் சாஸ்திரத்திலேயே மூழ்கிவிட்டார். ஹாலி வால்நக்ஷத்திரம் 1607-இல் தோன்றியபோது எழுதப்பட்ட குறிப்புகளைக் கொண்டு அதன் பாதையைக் கணித்து, 1804-இல் பிரெமன் நகர வைத்தியரும் வான சாஸ்திரியுமான ஓல்பர்ஸிடம் கொடுத்தார். ஓல்பர்ஸ் வியப்புற்று அதை அச்சேற்ற உதவினார். 1806-இல் கம்பெனி நல்ல சம்பளம் தர முன்வந்தது. பெஸல் அதை உதறிவிட்டு, சொற்ப ஊதியத்தில் லிலியென்டால் வான ஆராய்ச்சிக் கூடத்துக்கு உதவியாளராகச் சென்றார்.

கோனிக்ஸ்பர்க் கூடம் 1813-இல் முற்றுப்பெற்றது. பெஸலின் முதற் பெரும் பணி பழைய கணக்கைச் சீர்ப்படுத்தியது. கிரீனிச்சில் பிராட்லி குறித்துவைத்த 3,000-க்கு மேற்பட்ட நக்ஷத்திரங்களின் இடங்களைத் திருத்திக் கணித்து 1818-இல் வெளியிட்டார். பின்னர், பிரஷ்ய அடியின் நீளம் இன்னதென்று நிலைநிறுத்தும் பொறுப்பும் அவர்மீது விழுந்தது. 1835 முதல் 1838 வரை அதற்காக உழைத்தார். அடியைத் திருத்திய அதே வருஷங்களில்தான் நக்ஷத்திரத்தின் தூரத்தையும் அளந்தார்!

பூமி சூரியனைச் சுற்றுகிறதென்றால், ஆறு மாத இடைவெளியில் அருகிலுள்ள நக்ஷத்திரம் சற்றே இடம் பெயர்ந்து தோன்ற வேண்டும். கோபர்னிகஸ் நூல் வெளிவந்த 1543-ஆம் வருஷம் முதல் இந்தப் பெயர்ச்சியைத் தேடியவர் பலர். பெஸல் அன்ன மண்டலத்தில் 61 என்று எண்ணிட்ட மங்கலான நக்ஷத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார். பிரகாசமானதே அருகிலிருக்கும் என்று நினையாமல், வானில் விரைவாக நகர்வதே அருகிலிருக்கும் என்று அவர் கருதியது கூரிய யோசனை. பிரான்ஹோபரின் தொழிற்சாலையில் செய்த, இரு பாதியாகப் பிளந்த வில்லையுடைய தொலைநோக்கியால் 1837 ஆகஸ்டு முதல் ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்து, 1838-இல் விடை சொன்னார்: 0.3136 விகலை. ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு விகலை. ஒன்றரை மில்லிமீட்டர் கடுகை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் தோன்றும் அளவுதான் அது. வேகா நக்ஷத்திரத்தை ஸ்ட்ரூவேயும், தென்வானில் ஆல்பா செண்டாரியை ஹெண்டர்ஸனும் அதே காலத்தில் அளந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் உலகம் தயங்காமல் ஏற்றது பெஸலின் அளவையே.

இனி மாற்றுக் கணக்கு. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் ஒரு விகலைக் கோணமாகத் தோன்ற வேண்டுமானால், அத்தூரத்தைப்போல் 2,06,265 மடங்கு அப்பால் நிற்க வேண்டும். இதை 0.3136-ஆல் வகுத்தால் சுமார் 6,57,700. பெஸல் இந்த மடங்கையே சொன்னார். ஒளி அதைக் கடக்க 10.3 வருஷமாகும் என்றும் சொன்னார். மைலில் சொன்னால் என்ன கெடுதல்? 1761, 1769-ஆம் வருஷங்களில் சுக்கிரன் சூரியனைக் கடந்ததைக் கொண்டு என்கே கணித்த சூரிய தூரந்தான் அக்காலத்தில் வழங்கியது. அது சுமார் 15 கோடியே 35 லக்ஷம் கிலோமீட்டராகும். உண்மையோ 14 கோடியே 96 லக்ஷம். அந்த 39 லக்ஷம் 6,57,700 மடங்காகப் பெருகினால், பிழை மட்டுமே இரண்டரை லக்ஷம் கோடி கிலோமீட்டர்! அளவையை மாற்றும்போது அந்த அளவையை வகுத்தவரின் பிழையும் கூடவே வந்து சேருகிறது. பெஸலின் மடங்குக்கோ அந்தத் தோஷம் ஒட்டவில்லை.

1840-இல் மகனைப் பறிகொடுத்த பெஸல், பின்னர் நோயால் நலிந்து, 1846 மார்ச் 17-ஆம் தேதி கோனிக்ஸ்பர்க்கில் காலமானார். அந்நகரம் இரண்டாம் உலக யுத்தத்தில் நாசமடைந்து, 1946 முதல் கலினின்கிராடு என்ற பெயருடன் ருஷ்யாவில் இருக்கிறது.

ஒளி வருஷம் என்ற சொல் 1851-இல் ஜெர்மன் பாஷையில் தோன்றியது. அது சுமார் 9.46 லக்ஷம் கோடி கிலோமீட்டர், அதாவது சூரிய தூரத்தைப்போல் 63,241 மடங்கு. 1913-இல் டர்னர் பார்ஸெக் என்ற பெயரைத் தந்தார். ஒரு விகலை பெயரும் நக்ஷத்திரத்தின் தூரம் அது, 3.26 ஒளி வருஷம். ஒன்றை விகலையால் வகுத்தால் பார்ஸெக் கிடைத்துவிடும். சூரிய தூரம் 149,59,78,70,700 மீட்டர் என்று 2012-இல் சர்வதேச வானியல் சங்கம் வரையறுத்துவிட்டபடியால், இன்று கிலோமீட்டராக மாற்றுவோருக்கு என்கேயின் தொல்லை இல்லை. பெஸலின் நக்ஷத்திரத்துக்கு இப்போதைய கணக்கு 0.286 விகலை, மூன்றரை பார்ஸெக், 11.4 ஒளி வருஷம்.