டேவிட் செம்பிள்: நாய்க்கடி ஊசியும் நரம்பு அழற்சி ஆய்வும்

சந்தாபுரா (பெங்களூரு): நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் ஒரு காலத்தில் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் பரவலாக இருந்தது. அந்த ஊசி மருந்துக்கு வித்திட்டவர் சர் டேவிட் செம்பிள்.

1856ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த செம்பிள், பிரிட்டன் ராணுவ மருத்துவர். நெட்லியில் ஆல்ம்ரோத் ரைட்டுடன் இணைந்து டைபாய்டு தடுப்பூசி ஆய்வில் ஈடுபட்டார். அக்காலத்தில் இந்தியாவில் வெறிநாய்க் கடிக்கு ஆளான பிரிட்டன் வீரர்கள் கப்பலேறி பாரீஸ் சென்றனர். எளிய இந்தியருக்கு அந்த வழியும் இல்லை. 1900இல் கசௌலியில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பைச் செம்பிள் ஏற்றார். குன்னூர் நிலையம் 1907இல் வந்தது.

முயலின் தண்டுவடத்தை உலர்த்தித் தயாரிக்கும் பாஸ்டரின் மருந்தைத் தொலைவுக்கு அனுப்ப இயலாது. நோய்க்கிருமி ஏற்றிய விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியை அழிக்கும் முறையைச் செம்பிள் 1911இல் வெளியிட்டார். பாதுகாப்பானது என்ற சொல் அக்கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தது. பிற்காலத்தில் ஆட்டு மூளையில் தயாரான இம்மருந்து சிற்றூர் மருத்துவமனைகளையும் எட்டி, எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

ஆனால் மருந்தில் கலந்திருந்த மூளைத் திசுவே சிலருக்கு வினையாயிற்று. அயல் திசுவை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பாற்றல், சொந்த நரம்புகளின் மயலின் உறையையும் தாக்கியது. ஊசி போட்ட சில நாள்களில் கை, கால்கள் செயலிழந்தன, சிலர் உயிரிழந்தனர். பாஸ்டரின் மருந்திலும் இதே குறை இருந்தது. கடித்த நாய்க்கு வெறி இருந்ததா என்று அறியாமலேயே ஊசி போட்டுக்கொண்டவர்களும் முடங்கினர் என்பதுதான் கொடுமை.

இந்த விபத்துகளின் காரணத்தைத் தேடிய தாமஸ் ரிவர்ஸ், 1933இல் நியூயார்க்கில் நோயற்ற முயலின் மூளைத் திசுவைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தி, அதே அழற்சியை உண்டாக்கிக் காட்டினார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆய்வுக்கான விலங்கு மாதிரி அதிலிருந்தே உருவானது. அந்நோய்க்கு அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்ற கிளாட்டிராமர் மருந்து, இம்மாதிரியைக் கொண்டு நடந்த ஆய்வில் கிடைத்ததே.

செம்பிள் 1937இல் மறைந்தார். அவரது முறையில் வந்த மருந்து அதன்பின்னும் நீடித்தது. சந்தாபுராவிலிருந்து நகருக்குள் வரும் ஓசூர் சாலையில் அமைந்த நிம்ஹான்ஸ் மருத்துவர்கள், ஆட்டு மூளைத் தடுப்பூசியால் நரம்பு பாதித்தோரை 1980களிலும் ஆராய்ந்து பதிவு செய்தனர். உலக சுகாதார அமைப்பு அதைக் கைவிடுமாறு பலமுறை வலியுறுத்தியும், இந்தியாவில் உற்பத்தி 2004 இறுதியில்தான் நின்றது. இன்று கையில் போடப்படும் ஊசியில் மூளைத் திசு கிடையாது.